இரண்டு சித்தூர்

இடி விழுந்த வருஷம் பொள்ளாச்சி மோடம் கருகிப்போனது.
கொழிஞ்சாம்பாறையில் எங்களுடையது பிழைத்தது.
அதனால்தான் பெயர்ப்பட்டியல் என் மேஜைக்கு வந்தது,
வேறு தகுதி எதுவும் எனக்கில்லை.

நிலத்தடி நீர் அலுவலகம், மாடி, பின்னறை.
மூன்று மாநிலத்தில் முப்பத்தொன்பது கம்ப்யூட்டர்.
ஒன்றுக்கு ஒரு வரி: முதலில் எண், பிறகு பெயர்.
இரவு பதினொன்று தாண்டி எஸ்டிடி கால்வாசி ஆனதும்
ஒவ்வொன்றாய் அழைக்கும்,
பட்டியலை முழுசாய் நகலெடுத்துக்கொண்டு வைத்துவிடும்.
நான் ஒரு புள்ளியைத் தப்பாக வைத்தால்
விடிவதற்குள் முப்பத்தொன்பது ஊரில் அது தப்பாக இருக்கும்.

பெயருக்கு எட்டெழுத்து. ஆங்கிலச் சின்ன எழுத்து.
இடைவெளி ஆகாது, எண்ணில் தொடங்கக் கூடாது.
கொழிஞ்சாம்பாறை ‘கொழிஞ்சா’வோடு நின்றது,
பாறை உள்ளே நுழையவில்லை.
வேலந்தாவளம் வெறும் ‘வேலந்தா’.
அமலோற்பவம் என்று ஞானஸ்நானத்தில் வைத்த என்னை
‘அமலோர்ப’ என்று வரவேற்கும் இயந்திரம்.
பழகிவிட்டது.

சித்தூருக்கு எட்டும் எட்டாகவே அமைந்தது, இரண்டு ஓ போட்டால்.
திங்கட்கிழமை பங்கஜாட்சன் கேட்டார்,
பாலக்காட்டுச் சித்தூர், புழையோரம்.
பழைய பத்திரத்தில் இரண்டு ஓதான் என்றார்.
செவ்வாய்க்கிழமை முனிரத்தினம் கேட்டார்,
ஆந்திரச் சித்தூர்.
கடுதாசி இரண்டும் ஒரே கோப்பில் கிடந்தன.
இரண்டையும் ஏற்றினேன்.
காய்ச்சல் அன்றைக்கு. அதைக் காரணமாகச் சொல்லவில்லை.

இயந்திரம் மேலிருந்து தேடும்,
முதலில் கிடைத்த பெயரோடு திருப்தியாகிவிடும்.
மெட்ராஸிலிருந்து ஆறு லாரித் தண்ணீருக்கு உத்தரவு வந்தது.
சித்தூருக்கு.
பங்கஜாட்சன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்.
சோகநாசினி இரண்டு கரையும் தொட்டு ஓட
ஆறு லாரிகள் ததும்பத் ததும்ப ஆற்றைப் பார்த்து நின்றன.
சிறுபிள்ளைகள் மேலே ஏறிக் குதித்தார்களாம்.

ராத்திரி போன் வந்தது.
“போர் முன்னூறு அடிக்கும் கீழ போயிருச்சுக்கா.
காலையிலிருந்து குடம் வரிசையில இருக்கு.
லாரி எங்கக்கா?”
எங்கே என்று எனக்குத் தெரியும்.
சொல்ல நாலு மூச்சு ஆனது.

ஒன்று, இரண்டு என்று எண் போடலாமா என்றேன்.
ஒன்பதாவது எழுத்துக்கு இடமில்லை,
இரண்டாவதாக இருக்க ஆளுமில்லை.
பங்கஜாட்சன் ஆற்றின் பெயரைக் கேட்டார்.
எட்டில் வெட்டினால் ‘சோகநாஸ்’:
சோகம் முழுசாய் உள்ளே, அழிப்பது பாதி வெளியே.
“மதி, மதி,” என்றார்.
“மாமிடின்னு வைங்க,” என்றார் முனிரத்தினம்,
“காய்ச்சா எந்த ஊருன்னு தெரிஞ்சிரும்.”

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு டெல்லியிலிருந்து புது முறை:
இனிப் பட்டியல் வேண்டாம்.
அவரவர் பெயரை அவரவர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்,
தேடுபவர் புள்ளி புள்ளியாய்க் கேட்டுக்கொண்டு போகட்டும்.
எனக்குப் புரியாத விஷயமில்லை.
முன்னால் இனிஷியல் போடுகிறவர்களும்
பின்னால் வீட்டுப்பேர் போடுகிறவர்களும்
ஒரே ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற ஊர் இது.
கடைசிப் புள்ளி வேறானதால்
இரண்டு சித்தூரும் மறுபடி சித்தூர் ஆயின.
முனிரத்தினம் மாம்பழக் கூடை அனுப்பினார்,
பாதி அழுகி வந்தது.

என் கோப்பை மூடச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.
பலமநேருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
பதினொன்று இருபதுக்கு அது அழைக்கிறது, தினமும்.
அங்கே மாமிடி இன்னும் மாமிடிதான்,
சோகநாஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலந்தா ஆபீஸ் பூட்டி மூன்று மாசம்.
நேற்று அந்த வரியை எடுத்தேன்,
மற்றதை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன்.
மோடம் கீச்சிட்டது.
முப்பத்தெட்டு வரி, கொடுத்தேன்.